வண்டி வீட்டுக்கு விலை

ஒக். 6, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்த துணி அப்படியே ஈரமாய்.

மண்சரிவு பார்க்கும் ஆட்கள் மறுபடி வந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் வெடிப்புக்குள் போன மாதம் விரல் போனது. இன்று அவர்களில் ஒரு பொடியன் முழங்கை வரை விட்டுப் பார்த்தான். எங்கள் சுவரிலும் பார்வதி வீட்டுச் சுவரிலும் சிவப்பு மை அடித்தார்கள். பெரிய மழைக்கு முன் வீட்டை விட்டு எழும்பிவிட வேண்டுமாம்.

"எங்க போறதுங்க?" என்று பார்வதி கேட்டாள். அதை மேலே எழுதி அனுப்புவார்களாம்.

பார்வதி பக்கத்து அறைக்காரி. நடுவில் ஒரே சுவர். அவள் அரிசி களைவது எனக்குக் கேட்கும், நான் இருமுவது அவளுக்குக் கேட்கும். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. இவளும் மகள் தர்ஷினியும் மட்டும். கொழுந்து எடுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

எங்களுக்கு உள்ள வழிகள்:
– பதுளையில் வாடகை அறை. ஒரு வருஷக் காசு முன்னுக்கே வேண்டும். தோட்டம் என்று சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது.
– மொனராகலையில் மகள் வீடு. மருமகனுக்கு நாங்கள் இரண்டு நாள் விருந்தாளி. மூன்றாம் நாள் நாயைத் திட்டுவார், அர்த்தம் எங்களுக்கு.
– தோட்டத்துப் பள்ளிக்கூடம். மழைக்கு மட்டும்.
– லயத்து ஆட்களுக்கு அரசாங்கம் தருவதாகச் சொன்ன காணி. எத்தனை தேர்தல் பார்த்துவிட்டது அந்தக் காணி.

சாயந்திரம் மு. ஒரு விஷயம் சொன்னார். (புருஷன் பெயரை முழுதாக எழுத இன்னும் கை கூசுகிறது. ஒரு எழுத்துக்கு மேல் போகாது.) பதுளையில் வாகனம் விற்கும் ஹாஜியாரின் யார்டில் ஒரு வண்டி நிற்கிறதாம். உள்ளே கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உண்டாம்.

"வண்டியா, வீடா?"

"ரெண்டுந்தான். மண்ணு சரிஞ்சா ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்."

சிரித்தேன். ஆனால் படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஒக். 8, புதன்

வண்டி பார்த்தாயிற்று.

சின்ன லொறியின் மேல் கட்டியது. இஞ்சின் ஏற்கெனவே ஓடினது, மேல் உடம்பு புத்தம் புதிது. எல்ல பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடச் செய்யச் சொல்லிவிட்டு, கடைசியில் கையை விரித்துவிட்டாராம். ஹாஜியார் தலையில் நிற்கிறது. இதை அவரே சொன்னார். வியாபாரி தானாகச் சொல்லும் சங்கடத்தில் பாதியைத்தான் நம்பலாம்.

உள்ளே: மேலும் கீழுமாக இரண்டு கட்டில். கேஸ் அடுப்பு. கை கழுவத் தொட்டி. கொசுவலை போட்ட சன்னல். மடித்தால் மேசை, விரித்தால் பலகை. நான் நின்றால் தலை இடிக்கவில்லை. அவருக்கு இடிக்கும், குனிந்து பழகட்டும்.

எனக்குப் பிடித்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. குவைத்தில் வீட்டு வேலை செய்தபோது மேடத்தோடு மரக்கறிச் சந்தைக்குப் போய்ப் படித்த பாடம்: எது வேண்டுமோ அதைத் தொடாதே. பக்கத்தில் உள்ளதைத் தூக்கிப் பார்.

நான் பக்கத்தில் நின்ற பழைய வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மு. அதற்குள் கட்டிலில் ஏறிக் காலை நீட்டிவிட்டார். "சரசு, இங்க வந்து பாரேன். மெத்தை எப்படி இருக்கு பாரு."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "அம்பத்தெட்டு இலட்சம், தங்கச்சி. உங்களுக்காக."

எல்லோருக்கும் "உங்களுக்காக"தான்.


ஒக். 9, வியாழன்

பஸ்ஸில் பண்டாரவளை. மூன்று யார்டில் கேட்டேன். அதே வருஷ லொறி முப்பத்தைந்துக்குள் கிடைக்கும். உடம்பு கட்டும் பட்டறையில், இப்படி ஒன்று செய்ய என்ன போகும் என்றேன். பலகை, தகடு, கூலி எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று என்றார்கள். ஆக நாற்பத்தெட்டு. அதற்கு மேல் ஹாஜியார் இலாபம். வியாபாரி இலாபம் வைக்காமல் காற்றையா குடிப்பார். ஐம்பது, ஐம்பத்தொன்று நியாயம் என்று என் மனசு சொல்கிறது.

எங்களிடம் உள்ளது என் குவைத் காசும் அவர் தோட்டத்து லொறி ஓட்டிச் சேர்ந்த சேமலாப நிதிக் காசும். இரண்டும் சேர்த்து ஐம்பத்துமூன்று. அதற்கு மேல் காது, கழுத்தில் உள்ளதுதான். ஒன்பது வருஷம் அடுத்தவர் வீட்டுச் சமையல் குசினித் தரையில் பாய் போட்டுத் தூங்கிய காசு. யாரையும் ஏமாற்ற வேண்டாம். ஏமாறவும் மாட்டேன். மு. இதைக் கேட்டுவிட்டு, "நீ கணக்குப் பாக்குறதுக்குள்ள வேற எவனாவது வாங்கிட்டுப் போயிருவான்" என்றார்.

பார்வதி கேட்டாள், "நெசமாவே போறீங்களா அக்கா?" விலை முடியட்டும் என்றேன்.


ஒக். 12, ஞாயிறு

விடிந்ததும் மழை. நல்ல மழை, சாய்த்து அடிக்கிற மழை. குடையை எடுத்துக்கொண்டு பதுளை பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"இந்த மழையிலயா?"

"மழையிலதாங்க பாக்கணும்."

வெயிலில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான். லயத்துத் தகரத்துக்குக் கீழே பிறந்தவளுக்கு இதைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டுமா. எங்கள் வீட்டில் மழை தொடங்கினால் எந்தச் சட்டியை எங்கே வைப்பது என்று கை தானாகப் போகும்.

ஹாஜியார் என்னைப் பார்த்துத் திகைத்தார். மழை நாளில் யாரும் வண்டி பார்க்க வருவதில்லையாம். சாவி வாங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே மழை இரைச்சல். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பின் சன்னல் மூலையில், மேல் கட்டில் தலைமாட்டில், ஒரு கோடு இறங்கியது. மெத்தை ஓரம் தொட்டுப் பார்த்தேன். இன்றைய ஈரம் மட்டும் இல்லை, கீழே பலகை கறுத்திருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"இது சின்ன வேல தங்கச்சி. பூசித் தாரன்."

"பலகை ஊறியிருக்குங்க. மாத்தணும்."

"மாத்தித் தாரன். அம்பத்தாறு."

"நாப்பத்தாறு."

"லொறிய மட்டுமா கேக்குறீங்க?" என்று சத்தமாகச் சிரித்தார். கோபம் இல்லை, எனக்கும் இல்லை. பேரம் நல்ல மாதிரித் தொடங்கினால் இரண்டு பக்கமும் இப்படித்தான். புதன்கிழமை வாங்க, பேசி முடிப்போம் என்றார். தேத்தண்ணி தந்தார். இஞ்சி போட்டது.

திரும்பி வரும்போது எனக்குள் ஒரு சந்தோஷம். கனிந்து வருகிறது என்று தெரிந்தது. ஊறின பலகை, வாங்காமல் போன ஹோட்டல்காரர், மழைக்காலம். மூன்றும் என் பக்கம்.


ஒக். 15, புதன்

ஆத்திரம்.

காலையில் எழும்பினால் மு.வைக் காணோம். முதல் பஸ்ஸில் போய்விட்டாராம், கோயில் பூசாரியையும் கூட்டிக்கொண்டு. பூசாரி கணக்கு இது: புரட்டாசி மாதம் வீடு புகக் கூடாது. ஆனால் சக்கரம் இருப்பதால் இது வாகனம், வாகனத்துக்குப் புரட்டாசி பரவாயில்லை. இன்று காலை விட்டால் தீபாவளி கழியும் வரை நல்ல நேரம் இல்லை.

நான் பத்து மணிக்குப் போய் இறங்குகிறேன். யார்டு முழுக்கச் சாம்பிராணிப் புகை. வண்டி நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், செவ்வந்தி மாலை. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்து மூடி இரண்டு பக்கமும் கிடக்கிறது. மு. கைகூப்பி நிற்கிறார், கண் கலங்கி.

இன்னும் விலை பேசவில்லை. ஒரு ரூபாய் முற்பணம்கூடக் கொடுக்கவில்லை.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பூசையும் முடிஞ்சி. இனி என்ன பேச்சு தங்கச்சி? நீங்க பூசை போட்ட வண்டிய நான் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டன். அம்பத்தாறுதான்."

மு. சொன்னார், "சரி, குடுத்துருவோம் சரசு. சாமி காரியம் நடந்திருச்சு."

மூன்று இலட்சம் எங்கே இருந்து வரும் என்று கேட்டேன். வட்டிக்கு வாங்கலாம் என்றார். கூட்டத்தில் நின்ற யாரோ, "பொண்டாட்டி கைலதான் சாவி" என்றான்.

நான் போய் முந்தானையால் வண்டி நெற்றியைத் துடைத்தேன். சந்தனம், குங்குமம், எல்லாம். மாலையைக் கழற்றிப் பூசாரி கையில் கொடுத்தேன். "வெல முடியலைங்க. முடிஞ்சாப் பொறகு போட்டுக்கலாம்." ஹாஜியார் எழும்பி நின்றுவிட்டார்.

மு. என்னைப் பார்த்த பார்வை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஒரே பஸ்ஸில் வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். முந்தானை முழுக்கச் சிவப்பு.


ஒக். 16, வியாழன்

மழை. சோற்றை மு. பக்கத்தில் வைத்தேன், தொடவில்லை. மத்தியானம், காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நான் உசிரோட இருக்கேன்ல. பொட்ட அழிக்கிற கை என்ன கை?"

வண்டிப் பொட்டுக்கும் அவர் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சம்பந்தம் உண்டு என்று எனக்கும் உள்ளுக்குள் தெரியும். துடைக்கும்போதே தெரிந்தது. ஆனாலும் துடைத்தேன். வட்டிக்கு வாங்கிச் சீரழிந்த குடும்பம் இந்த லயத்திலேயே எத்தனை. அவர் நல்ல மனுஷன். ஏழைக்கு நல்ல நாளை விட நல்ல விலை முக்கியம் என்று மட்டும் விளங்காது.

சாயந்திரம் பார்வதி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "அக்கா, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"பொய்."

தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மேட்டிலிருந்து கழுவி வந்த சேறு இரண்டு வீட்டு வாசலிலும். இரண்டு பேரும் சேர்ந்து மண்வெட்டியால் தள்ளினோம். அவளுக்கு என்னைக் காட்டிலும் பயம். சொல்வதில்லை.


ஒக். 18, சனி

ஐப்பசி பிறந்தது. யார்டுக்குத் தனியாகப் போனேன். போகிறேன் என்று மு.விடம் சொன்னேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஹாஜியார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கதிரை போடச் சொன்னார்.

"அண்டைக்கி நீங்க செஞ்சது எனக்கு ஒரு மாதிரி போயிட்டு தங்கச்சி. எங்கட ஆக்கள்லயும் புருஷன்ட மொகத்த அப்படி முறிக்க மாட்டாங்க."

"எனக்கும் சொகமா இல்லைங்க ஹாஜியார். ஆனா பூசையப் பாத்து நீங்க வெலைய எறக்காம நிறுத்துனீங்களே, அது எப்படி?"

"யாவாரம்" என்றார்.

நான் கணக்கைத் திறந்து வைத்தேன். லொறி இவ்வளவு, பட்டறைக் கூலி இவ்வளவு, உங்கள் இலாபம் இவ்வளவு. ஊறின பலகை மாற்ற வேண்டும். வண்டிப் பதிவுப் புத்தகத்தில் இன்னும் லொறி என்றே இருக்கிறது, அதை மாற்றும் செலவு உங்களுடையது. ஐம்பது.

ஐம்பத்தைந்து என்றார். ஐம்பத்தொன்று. ஐம்பத்துநான்கு. அப்புறம் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். வெளியே சைக்கிளில் பாண், ரொட்டி விற்கிறவன் போனான்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இத்தனை நாளாக வண்டிக்கு மட்டும் விலை பேசுகிறேன். வாங்கி எங்கே நிறுத்துவது? தோட்டத்தில் நிர்வாகம் பார்க்கும் தொரை விட மாட்டார். ரோட்டோரம் நிறுத்தினால் பொலிஸ். ஓட்டிக்கொண்டே இருக்கவா முடியும்? டீசல் யார் போடுவது? வீடு வாங்கப் போனவர்கள் மண்ணை மறந்துவிட்டோம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாக மண் இருந்தால்தானே அது நினைவுக்கு வரும்.

யார்டின் பின்பக்கம், மதிலோரம், கொய்யா மரத்தடியில் கொஞ்சம் வெறும் நிலம். பழைய டயர் குவிந்து கிடந்தது. கையைக் காட்டினேன்.

"அம்பத்திரண்டு தாறேன். அந்த எடத்துல நிறுத்திக்க விடுங்க. தண்ணி உங்க குழாயில."

"எத்தன நாளைக்கி?"

"எங்களுக்குக் காணி கெடைக்கிற வரைக்கும்."

இப்போதுதான் சிரித்தார். "அப்ப என்ட பேரன்ட காலத்திலயும் நிப்பீங்க." பிறகு சிரிப்பு நின்றது. மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம். ராவையில யார்டுக்கு ஒரு கண்ணு வேணும்தான். உங்கட புருஷன் நல்ல மனுஷன், அவர் பாத்துக்கட்டும். ஒரு வருஷத்துக்குப் பொறகு பேசுவம்."

"தண்ணி?"

"தண்ணி அல்லாஹ்வுட."

கை கொடுக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தார். நானும் வைத்தேன்.


ஒக். 20, திங்கள். தீபாவளி

தூறல். வெடிச் சத்தம் குறைவு. பக்கத்து லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் பாட்டு.

எண்ணெய் வைத்துக் குளித்தோம். மு.வுக்குப் புதுச் சாரம். வாங்கிக் கட்டிக்கொண்டார். அதுவே பெரிய சமாதானம்.

விலை முடிந்ததைச் சொன்னேன். ஐம்பத்திரண்டு, நிற்க மரத்தடியில் இடம், தண்ணீர். அவர் இரவில் யார்டுக் காவல்.

"அடுத்தவன் மண்ணுலயா போய் நிக்கிறது?"

"இங்க மட்டும் யாரு மண்ணுங்க?"

வடையைப் பிய்த்தார். "மரம் இருக்குன்னியே. என்ன மரம்?"

கொய்யா என்றேன். கம்பளிப்பூச்சி வரும் என்றார். சரி, பேசிவிட்டார்.

பார்வதிக்குக் கொஞ்சம் ஆட்டுக்கறி கொடுத்தேன். தர்ஷினி வந்து வாங்கிப் போனது. எட்டாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் கெட்டி. வண்டிக்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்டது. இரண்டு கட்டில் என்றேன்.


ஒக். 23, வியாழன்

வங்கி. கையெழுத்து. மறுபடி கையெழுத்து. ஒன்பது வருஷம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

யார்டில் பலகை மாற்றியிருந்தார்கள். மு. குழாய் பிடித்துச் சன்னல் மேல் தண்ணீர் அடித்துப் பார்த்தார். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ஒழுகவில்லை.

பூசாரி வரவில்லை, கோபமாம். மு. சந்தனமும் குங்குமமும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் நீட்டினார். "நீயே வை."

வைத்தேன். கோணலாகப் போய்விட்டது. பரவாயில்லை என்றார்.


ஒக். 25, சனி

சாமான் ஏற்றும் நாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மேலே மேடு சத்தமில்லாமல் நிற்கிறது, அதுதான் பயம்.

தோட்டத்துப் பாதையில் முதல் வளைவுக்கு மேல் வண்டி ஏறவில்லை. பெரட்டுக் களத்தில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். லயமே வந்து தூக்கியது. தூக்கியது: பாய், பானை, சாமிப் படம், இரும்புப் பெட்டி, தையல் மெசின், அரிசி. தூக்காமல் விட்டது: அலுமாரி, அம்மிக்கல், கோழி நான்கு (பார்வதிக்கு).

வந்தவர்கள் எல்லோரும் ஏறிப் பார்த்தார்கள். கட்டிலை அமுக்கினார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள். எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டார்கள். மு. பெருமைக்கு அறுபது என்று ஒருவரிடம் சொல்வது கேட்டது. விட்டுவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு பார்வதி நின்றுகொண்டிருந்தாள். நனைந்திருந்தாள், குடை இல்லை. எங்கள் துணிக் கொடிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"நான் இங்கயே இருந்துக்குவேன் அக்கா. ஸ்கூல்ல போய்ப் படுத்துக்குவேன். கொழுந்துக்குப் போகணும்ல, பேர் போடலன்னா சம்பளம் இல்ல." கயிற்றை என் கையில் வைத்தாள். "மழைக்காலம் முடியிற வரைக்கும்... புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போறீங்களா?"

மு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுன்னாலும் குடுத்துர்றேன் அக்கா. நீங்க சொல்றதுதான். கொறைக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன்."

அவளுக்குப் பின்னால் தர்ஷினி. பள்ளிக்கூட உடுப்பும் புத்தகமும் கட்டின பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. எப்போது கட்டியதோ, பை முழுக்க நனைந்திருந்தது.

மு. இறங்கிவந்து கதவைத் திறந்தார். "மேல் கட்டில் ஒனக்கு. ஏறு."